எட்டடி நிழலும் பொட்டு வைத்த கடிகாரமும்

எங்கள் ஊர் ஏரித் தண்ணீரைப் பங்கிடக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். கரையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நேராக நிற்பார். தலையின் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு கல்லைக் கண்ணால் குறித்துக்கொள்வார். பிறகு குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட அடிமேல் அடி வைத்து அந்தக் கல்வரை நடப்பார். எட்டடி வந்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடைக்கு இறங்குவார்.

வழக்கம் எளியது. சூரியன் உதித்ததிலிருந்து நிழல் எட்டடியாகக் குறுகும்வரை தண்ணீர் மேல்மடைக்கு. அதற்குப் பிறகு கீழ்மடைக்கு. பிற்பகலில் நிழல் திரும்ப எட்டடியாக நீண்டதும் மறுபடி மேல்மடைக்கு, பொழுது சாயும்வரை. மேல்மடை நிலங்கள் எங்களைப் போன்ற பழைய குடிகளுடையவை. கீழ்மடையில், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், எங்கள் நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டியும் அவர்கள் தெருக்காரர்தான்.

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் ராணுவம் வந்து இடம் பிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்ததை எழுதுகிறேன். எதற்கும் தேதி குறித்து வைக்கும் பழக்கம் உள்ள நான் ஆண்டையும் தேதியையும் இங்கே வேண்டுமென்றே விடுகிறேன், பெயர்களையும்தான். அன்றைக்கு அங்கே நின்றவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். மாதமும் கிழமையும் மட்டும் என் நோட்டில் உள்ளபடி.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. அப்போது எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. முதல் மழை, ஏரி நிறைந்த நாள், பாசஞ்சர் வண்டி எத்தனை நிமிஷம் தாமதம், யார் வீட்டில் எப்போது பிள்ளை பிறந்தது, எல்லாம் என் நோட்டில் இருக்கும். ஜாதகம் எழுதுகிறவர்கூட நேரம் கேட்டு என்னிடம் ஆள் அனுப்புவார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அதே சமயம் நான் நீதி சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தேன். மூர் மார்க்கெட்டில் அட்டை போன ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது; கல்லூரி மாணவர்களுக்கான முதல் பாடம். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த என் நண்பர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் வருவார். இருவரும் ஒரு அத்தியாயம் படிப்போம். ஒரு செயல் சரி, தப்பு என்று யார் சொல்ல வேண்டும்? சாமியா, வழக்கமா, சர்க்கார் சட்டமா, அவரவர் மனசா? இதிலேயே பல ஞாயிறுகள் போயின.

"மனசுதான்யா பெரிசு," என்பேன் நான்.

"என் மனசு தினம் நூறு தடவை பொய் சொல்லுது. கசக்காது, குடிம்மான்னு சொல்லித்தானே மருந்தை ஊத்தறேன்? உம்ம புஸ்தகத்துல எனக்கு எந்த நரகம்னு பாரும்."

"அது நல்லதுக்குச் சொல்ற பொய்."

"குடிக்கறவன்கிட்ட கேட்டுப் பாரும்!"

மோர் கொண்டுவந்து வைக்கும் என் மனைவி இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "இன்னா, இன்னிக்காவது முடிவாச்சா? இல்ல அடுத்த வாரமும் மோர் கடையணுமா?" என்பாள்.

மார்கழி மாதம், நவரைப் பயிருக்கு நாற்று விட்ட சமயம், மேல்மடைக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நீர்க்கட்டியின் மேல் அவர்களுக்குச் சந்தேகம். அவர் தகப்பனார் நெட்டை; இவர் குட்டை. "அப்பன் நெழலு நீளம். இவன் நெழலு குட்டையா கீது, சீக்கிரமே எட்டடிக்கு வந்துடுது. எட்டடின்னா அவனுக்கு ஒரு கணக்கு, இவனுக்கு ஒரு கணக்கு. எங்க தண்ணிதான் போவுது," என்றார் ஒருவர்.

குட்டையான ஆளுக்கு நிழலைப் போலவே காலும் சின்னது, ஆகவே கணக்கு ஒன்றுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை. ரயில் கடிகாரத்தின்படி நடக்கிற மனிதர் நீங்கள், ஒரு நேரம் வைத்துக்கொடுங்கள் என்றார்கள். கேட்டதும் எனக்கு உள்ளூர இனித்தது. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நீர்க்கட்டியோடு கரையில் நின்றேன். எட்டடி விழும் நேரங்களைக் குறித்துக்கொண்டேன். காலையில் ஏறக்குறைய பத்து மணி, பிற்பகலில் இரண்டேகால். பழைய சாமான் கடையில் ஒரு டைம்பீஸ் வாங்கி, எழுத்துத் தெரியாத அவருக்குப் புரியும்படி கண்ணாடி மேல் இரண்டு இடத்தில் சிவப்புச் சாயத்தால் பொட்டு வைத்தேன். சின்ன முள் முதல் பொட்டைத் தொட்டால் கீழ்மடைக்குத் திறக்க வேண்டும். இரண்டாவது பொட்டைத் தொட்டால் அடைக்க வேண்டும். ஊர் கூடி ஒப்புக்கொண்டது.

நீர்க்கட்டி என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அந்தக் காலத்து முறைப்படி என்னை 'ஆண்டே' என்பார். நான் அவரை 'நீ' என்பேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது இருவருக்குமே அது சாதாரணம். டைம்பீஸை அவர் நடத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி அதில் உட்கார்த்தி, வெயில் படாமல் தம் துண்டைப் போர்த்தி, தாம் வெறும் தலையோடு நிற்பார்.

"தலையில துணியப் போட்டுக்கோயேன்," என்றேன் ஒருநாள்.

"எனக்கு சுட்டா சொல்வேன் ஆண்டே. இதுக்கு வாயில்லியே."

ஒருமுறை என் கை பட்டு அலாரம் அடித்துவிட்டது. அவர் கூடையைக் கரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, "எதுக்கு அழுவுது? பசியா?" என்றார். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் ஏரியில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். "ஆண்டே, நெழலு முன்ன ஓடுது. உங்க கடியாரம் பின்ன தூங்குது."

நான் என்ன செய்தேன் என்றால், டைம்பீஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை. திரும்பி வந்து, "உன் நெழலுதான் தப்பு. கடியாரம் சரி," என்றேன். அவர் தலையாட்டினார். அன்றைய நோட்டில் 'கடிகாரம் சோதித்தேன், சரி' என்று எழுதி, அவர் சொன்ன வாக்கியத்தையும் அழகாக இருக்கிறதே என்று கீழே குறித்துக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பவுண்டர் சீக்கிரமே வந்துவிட்டார். வெயில் ஏறுமுன் கரையில் ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினோம். மடைக்கருகில் சத்தம் கேட்டது. கீழ்மடையில் கடைசி நிலம் வைத்திருந்த பெண் நின்றிருந்தாள். புருஷன் பட்டணத்தில் மில்லில் இருந்தான். பயிர் முழுக்க அவள் கை உழைப்பு. நீர்க்கட்டி அவளுக்கு மாமன் முறை.

"இன்னா மாமா, என் தண்ணிய எந்த ஊட்டுக்கு வித்துகினு கீற?"

நீர்க்கட்டி கூடையின் மேல் துண்டைச் சரிசெய்தார்.

"பயிரு பால் புடிக்கிற நேரம். தரை வெடிச்சிக் கெடக்குது. மேல போய்ப் பாரு, தவள குதிக்குது. உங்கப்பன் காலத்துல பங்குனில எனக்கு தண்ணி வராம இருந்துச்சா? சொல்லு!"

"நான் ஒண்ணும் விக்கல."

"அப்ப செவ்வாக்கெழம இந்த அம்மன் எதிர்ல கற்பூரத்த ஏத்தறேன். விக்கலன்னு சொல்லி அணைச்சிட்டுப் போ. அதுவரிக்கும் எங்க தெருவுல எந்த ஊட்லயும் தண்ணிகூட வாங்கிக் குடிக்காத."

எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். கரை மேல் ஓர் அம்மன் கல் உண்டு. கூரையும் கதவும் கிடையாது. அதனால் எந்தத் தெருக்காரரும் வந்து நிற்கலாம். அங்கே எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவன் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"சத்தியம் பண்ணிட்டுப் போயேன். நீ விக்கலியே," என்றேன்.

அவர் கூடையைப் பார்த்தபடி சொன்னார். "விக்கலன்னு சொல்லிடலாம் ஆண்டே. ஆனா அம்மனுக்கு முழுசா தெரியுமே. நெழலு எட்டடி ஆவறது எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் முள்ளு பொட்டத் தொடலன்னு தெறக்காம நிக்கறேன். அவ தண்ணிய இந்தக் கையால அடைச்சிட்டு, அதே கையால கற்பூரத்த அணைக்கறதா?"

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து என் கடிகாரத்தை எடுத்தேன். எட்டேமுக்கால். "அள," என்றேன் நீர்க்கட்டியிடம். அவர் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். கல்லைக் குறித்தார். நடந்தார். எட்டடி. நான் நின்று, என் காலால் நடந்தேன். எட்டடி.

பத்து மணிக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, நிழல் நீளம், எட்டடியாகக் குறுக நேரமாகும். பங்குனியில் சூரியன் உச்சிக்கு ஏறுகிறது. எட்டடி சீக்கிரம் வந்து, பிற்பகலில் தாமதமாகப் போகிறது. வெயில் ஏற ஏற, ஏரி வற்ற வற்ற, கடைசி நிலத்துக்கு நேரம் தானாகக் கூடும்படி வழக்கம் அமைந்திருந்தது. நான் மார்கழி வெயிலைக் கண்ணாடியில் பொட்டு வைத்து நிறுத்திவிட்டேன். காலையில் ஒண்ணேகால் மணி, பிற்பகலிலும் ஏறக்குறைய அவ்வளவு. அத்தனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, தினமும் கீழ்மடையிலிருந்து மேல்மடைக்குப் போயிருக்கிறது. மேல்மடையில் என் நிலமும் உண்டு. இதை முன்கூட்டியே எனக்குச் சொன்னவரை, கடிகாரம் சரி என்று அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்னது கடிகாரத்தைப் பற்றியே அல்ல.

"இப்பவே தெற," என்றேன்.

அவர் அசையவில்லை. "ஊரு கூடி வெச்ச பொட்டு. நீங்க ஒருத்தர் சொல்லி மாத்துனா, இப்ப ஆண்டே கைக்கு வித்துட்டேன்னு மேல கீறவங்க சொல்வாங்க. ஊரு சொல்லட்டும்."

திரும்பும் வழியில் கம்பவுண்டர் ஒரு யோசனை சொன்னார். "வெயில் காலத்துக்கு வேற பொட்டுன்னு சொல்லிப் புதுசா ரெண்டு வெச்சிடும். தண்ணி போயிடும், உம்ம பேரும் நிக்கும். தப்புன்னு ஒருமுறை சொல்லிட்டீர்னா, நாளைக்கு நீர் எழுதி வெச்ச பொறந்த நேரத்தையெல்லாம் தப்பும்பான்."

"அப்ப அவன் பண்ண வேண்டிய சத்தியம்?"

"அதுதான் இடிக்குது," என்று ஒப்புக்கொண்டார். "தண்ணி திரும்பி வரும். பேரு வராது."

உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு பகல் முழுக்க அதையே மனசுக்குள் அழகுபடுத்திக்கொண்டிருந்தேன். பயன் ஒன்றுதான் என்றால் வழி எதுவானால் என்ன என்று புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். எனக்கு வேண்டியபோது அது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தது!

சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "நம்ம வயலு இந்த வருஷம் என்னிக்கும் இல்லாத செழிப்பா கீதுன்னு போன வாரம் எழுதுனீங்களே, படிச்சுக் காட்டுனீங்களே. அது அவ தண்ணியா?"

"ஆமா."

"அப்ப அதுக்குப் பக்கத்துலயே இதையும் எழுதிடுங்க," என்றாள். "அப்புறம் உங்களுக்கே படிச்சுக் காட்டிக்கங்க." வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்க்க முடியவில்லை. மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு, மேல்மடைக்காரர்கள் வீடு வீடாகச் சென்று, செவ்வாய் காலை கரைக்கு வரும்படி கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார்கள். அங்கே வந்து சொல்கிறேன் என்றேன். எட்டு வீட்டு வாசலில் எட்டு முறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு முறைக்குத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கரையில் இரண்டு தெருவும் நின்றது, எப்போதும்போல் இடைவெளி விட்டு. அம்மன் கல்லுக்கு மஞ்சள் பூசி, வெற்றிலை மேல் கற்பூரம் வைத்திருந்தாள் அந்தப் பெண். நீர்க்கட்டி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றார். டைம்பீஸ் கூடை காலடியில். அவர் இரவு தூங்கவே இல்லை என்று கண்ணில் தெரிந்தது.

அவள் தீக்குச்சியை உரசுவதற்கு முன் நான் இடைவெளியைத் தாண்டி நடுவில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சூரியன், தெற்கு, வடக்கு எல்லாம் அதில் உண்டு. வாயில் வந்தது வேறு.

"அவர் விக்கல. தப்பு என்னுது. நான் வெச்ச பொட்டு மார்கழிக்குத்தான் சரி. ரெண்டு மாசமா கீழ்மடைத் தண்ணி மேல்மடைக்குப் போயிருக்கு. என் வயலுக்கும் போயிருக்கு. அவர் மாசியிலேயே சொன்னார். எனக்குப் புரியல."

'அவர்' என்று சொல்லிவிட்டதை, அதற்குள் எழுந்த முணுமுணுப்பில்தான் நானே கவனித்தேன்.

மேல்மடைக்காரர் ஒருவர், "குமாஸ்தா, அவன் அழுதான்னு இரக்கப்பட்டு நீ ஒண்ணு சொல்றியா?" என்றார்.

"இப்ப மணி எட்டே முக்கால். யார் வேணும்னாலும் நின்னு அளங்க."

கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் ஊரிலேயே நெட்டையான ஆள். அடிமேல் அடி வைத்து நடந்தார். எட்டு. பின்னாலிருந்து ஒருவன், "இன்னா அண்ணாத்தே, உன் நெழலும் குட்டையாப் போச்சா?" என்றான். இரண்டு பக்கமும் சிரித்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நீர்க்கட்டி முன்னால் வந்தார்.

"ஆண்டே சொன்னது பாதி," என்றார். "பொட்டு அவருது. கை என்னுது. எனக்குத் தெரிஞ்சுதான் அடைச்சேன். திருடன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துகினு அடைச்சேன். அத நான்தான் சொல்லணும். கற்பூரத்த ஏத்து, அதையும் சேத்துச் சொல்லி அணைக்கறேன்."

"உனக்கு வேற வழி இல்ல. நாங்கதான் அப்படிப் பண்ணோம்," என்றேன்.

"வழி இல்லன்னு சொல்லாதீங்க ஆண்டே. வாயி இருந்துச்சி. ஒரு தடவ சொன்னேன். பத்து தடவ சொல்லியிருக்கணும்."

"ஒரு தடவை சொன்னதே போதும். கேக்காதது என் தப்பு."

"கேக்காதது உங்களுது. விட்டது என்னுது."

இப்படியே நாங்கள் இருவரும் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தோம். கம்பவுண்டர் இருந்திருந்தால், புத்தகத்தில் நான்கு அத்தியாயம் இதற்குள் முடிந்துவிட்டது என்றிருப்பார். அந்தப் பெண் கையில் தீப்பெட்டியோடு இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ மாமா! ரெண்டு பேரும் இங்க நின்னுகினு எது யாருதுன்னு பங்கு போடுங்க, அங்க என் பயிரு கருகிப் போவட்டும்! நெழலு ஏழடிக்கு வந்துடுச்சி. மடைய யாரு தெறக்கறது, அம்மனா?"

நீர்க்கட்டி குனிந்து தம் நிழலைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார். அவள் கற்பூரத்தை வெற்றிலையோடு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மேல்மடைக்காரர்கள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை, வழிவிட்டு நகர்ந்தார்கள். அவர் மடையை வெட்டித் திருப்பியதும் தண்ணீர் காய்ந்த கால்வாயில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போயிற்று. அவள் தண்ணீரின் வேகத்துக்கே, அதன் முனையோடு சேர்ந்து நடந்தாள். கொஞ்சம் போனதும் திரும்பிப் பார்த்தாள்.

"காலைலேர்ந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்டியே மாமா. ஊட்ல கூழு கீது. மடைய முடிச்சிட்டு வா."

"வரேன்," என்றார் அவர். பிறகு மடையின் கரையை மண்வெட்டியால் தட்டி இறுக்கினார்.

அன்று முதல் மறுபடி எட்டடி நிழலே கணக்காயிற்று; அறுப்பு வரை என் முறைத் தண்ணீரையும் கீழ்மடைக்கே விட்டேன். அவள் பயிரில் முக்கால்வாசி தேறியது; மீதி பதர். என்னை அவள் அதற்காகப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.